தொலைந்த ஆர்.சி.யும் தொலையாத பெயரும்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஆர்.சி. புக்கைத் தொலைத்தவருக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. அதன் எண் 26. வண்டி எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண், எந்தச் சூழ்நிலையில் தொலைந்தது, எந்தக் காவல் நிலையத்தில் எப்போது தெரிவித்தீர்கள், பதிவு ரத்தாகவில்லை என்ற உறுதிமொழி, கடைசியில் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேட்கிறது. கட்டணமும் பயமுறுத்தாது. 2016 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், நகல் ஆர்.சி.க்கு அதில் பாதி. ஸ்மார்ட் கார்டுக்கும் சேவைக்கும் அஞ்சலுக்கும் மேலே கொஞ்சம் ஆகலாம். டேங்க் நிரப்பும் பெட்ரோல் காசைவிடக் குறைவு.

ஆனால் அந்த வண்டியை விற்கப் போய்ப் பாருங்கள். "ஒரிஜினல் இல்லை சார், டூப்ளிகேட்தான்" என்றதும் வாங்க வந்தவர் ஓர் அடி பின்வாங்குவார். தரகர் குரலைத் தாழ்த்துவார். விலை பேச்சு இன்னொரு படி கீழிருந்து தொடங்கும். அரசே அச்சிட்டுத் தந்த கார்டு, அதே எண், அதே பெயர். சட்டத்தின் கண்ணில் முதல் கார்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. சந்தை மட்டும் ஏன் இப்படிச் சந்தேகப்படுகிறது?

சந்தைக்கு அனுபவம் உண்டு என்பதே பதில். "தொலைந்துவிட்டது" என்று சொல்லப்படும் ஆர்.சி.களில் நிஜமாகவே தொலைந்தவை ஒரு பகுதிதான். சென்னையில் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் மழையிலும் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்த காகிதங்கள் கூழாகிப்போனது உண்மை. வீடு மாறும்போது காணாமல் போவதும் உண்மை. மற்றபடி பல ஆர்.சி.கள் எங்கே இருக்கின்றன என்பது உரிமையாளருக்கு நன்றாகவே தெரியும். தனியார் ஃபைனான்ஸ்காரரின் பீரோவில், கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். சிறு ஊர்களில் ஆர்.சி. புக்கை அடகு வைத்துக் கைமாற்று வாங்குவது சகஜம். பதிவேட்டில் ஹைப்பாத்திகேஷன் (ஹெச்.பி.) என்ற கடன் குறிப்பு ஏறாது, புக் மட்டும் கைமாறும். இன்னும் சில பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் வீட்டில் இருக்கும். சில, பாக்கிப் பணம் வரட்டும் என்று பழைய உரிமையாளர் பிடித்து வைத்திருப்பவை. வழக்கில் சிக்கிய வண்டியை இடைக்காலமாக விடுவிக்கும்போது அசல் ஆர்.சி.யை ஒப்படைக்கும்படி நீதிமன்றங்கள் நிபந்தனை போடுவது தமிழ்நாட்டில் வழக்கம். அப்படிப் போனவை வழக்குக் கட்டுக்குள் தூங்கும்.

இந்த எல்லாருக்கும் படிவம் 26 ஒரு குறுக்கு வழி. அசலை அடகிலேயே விட்டுவிட்டு நகலை வாங்கி வண்டியை விற்றுவிடலாம் என்று கணக்குப் போடுபவர் உண்டு. அப்படி விற்றால் மூன்றாவது மாதம் ஃபைனான்ஸ்காரரின் ஆள் வந்து நிற்பது வாங்கியவர் வாசலில். எனவே நகலைக் கண்டதும் பழைய கார் வியாபாரி கேட்கும் "ஏன் தொலைந்தது?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. தவறு இன்னோர் இடத்தில் இருக்கிறது. அந்தக் கார்டையே வண்டியின் பட்டா என்று வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து நம்புகிறார்களே, அதில்.

ஆர்.சி. என்பது உரிமைப் பத்திரம் அல்ல. இது வக்கீல் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் பிரச்சினை முழுவதும் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

பிரிட்டனில் 1903-இல் மோட்டார் கார் சட்டம் வந்தது. 1904 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு காரும் எண் தாங்க வேண்டும். நோக்கம் எளிது: புழுதி கிளப்பிக்கொண்டு ஓடும் வண்டி யாருடையது என்று காவலர் கண்டுபிடிக்க வேண்டும். உரிமையை நிலைநாட்டுவது அதன் வேலையே இல்லை. அந்த மனப்போக்கு அங்கே இன்றும் மாறவில்லை. பிரிட்டனின் பதிவுச் சான்றிதழிலேயே இது உரிமைக்கான ஆதாரம் அல்ல என்று அச்சடித்திருப்பார்கள். அதில் இருப்பது பதிவுபெற்ற பராமரிப்பாளரின் பெயர் மட்டுமே. 1914-இல் இந்தியாவுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டமும், அதற்குப் பின் வந்த 1939, 1988 சட்டங்களும் அந்த மரபின் பிள்ளைகள். இந்தியாவில் கார் என்பது அசையும் பொருள். அதன் உரிமை எப்போது கைமாறுகிறது என்பதை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் தீர்மானிக்கிறது: விற்பவரும் வாங்குபவரும் எப்போது கைமாற வேண்டும் என்று எண்ணினார்களோ அப்போது. பணம் கொடுத்துச் சாவி வாங்கிய நொடியே காரின் சொந்தக்காரர் மாறிவிடலாம். ஆர்.டி.ஓ. அலுவலகம் திறந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்வது இன்னொன்று: தன்னிடம் இல்லாத உரிமையை எவரும் அடுத்தவருக்குத் தர முடியாது. எனவே திருட்டு வண்டிக்குச் சுத்தமான ஆர்.சி. இருந்தாலும் அது வாங்கியவரை உரிமையாளர் ஆக்கிவிடாது.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. கார் திருடி அடுத்த மாநிலத்துக்கு ஓட்டிப்போய் விற்பது அங்கே பெரும் தொழிலாகிவிட, 1919-இல் மாநில எல்லை கடந்து திருட்டுக் காரைக் கொண்டுபோவதை மத்தியக் குற்றமாக்கினார்கள். மாநிலங்கள் ஒவ்வொன்றாக 'டைட்டில்' என்ற தனிச் சான்றிதழை உருவாக்கின. அங்கே பதிவு வேறு, டைட்டில் வேறு. சாலையில் ஓடுவதற்குப் பதிவு; சொந்தம் என்று காட்ட டைட்டில். கடன் இருந்தால் அதுவும் டைட்டிலில் ஏறும். விற்கும்போது டைட்டிலிலேயே கையெழுத்துப் போட்டு வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். அது தொலைந்தால் நகல் வாங்காமல் விற்பது ஏறக்குறைய முடியாத காரியம். நகலுக்கும் வழியில்லாத வண்டிக்கு, அதாவது முந்தைய உரிமையாளரே அகப்படாத வண்டிக்கு, பல மாநிலங்களில் பிணைப் பத்திர டைட்டில் உண்டு. டெக்சாஸில் காரின் மதிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு ஈட்டுறுதிப் பத்திரம் வாங்கித் தர வேண்டும்; உண்மையான சொந்தக்காரர் மூன்று ஆண்டுக்குள் வந்தால் அவருக்கு அதிலிருந்து ஈடு கிடைக்கும். வெர்மான்ட் மாநிலம் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு டைட்டில் கேட்பதில்லை, வெளி மாநிலத்தாருக்கும் தபாலில் பதிவு செய்து தந்தது. அதனால் நாடு முழுவதிலுமிருந்து காகிதம் இல்லாத பழைய கார்கள் வெர்மான்ட் எண்ணுக்குப் பறந்தன. காரே போகாமல் காகிதம் மட்டும் போய்வந்த அந்த வாசலை 2023-இல் அடைத்தார்கள். ஏமாற்றுவதற்கு உலகம் முழுக்க ஒரே மூளைதான்.

இந்தியாவில் டைட்டில் இல்லை. அந்த வெற்றிடத்தில் ஆர்.சி.யை நாமே உட்கார வைத்தோம். அதன் விளைவாக ஒரே காருக்கு ஒரே நேரத்தில் இரண்டு உரிமையாளர்கள் இருக்க முடிகிறது: விற்பனைச் சட்டத்தின்படி பணம் கொடுத்து வாங்கியவர்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவின்படி பதிவேட்டில் பெயர் இருப்பவர். சுகம் முதலாமவருக்கு, சுமை இரண்டாமவருக்கு.

இந்தச் சுமை எவ்வளவு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. 2009 மே மாதம், வட இந்தியாவில் ஒரு மாலை வேளை. பின்னோக்கி எடுக்கப்பட்ட ஒரு மாருதி 800, தெருவில் நடந்துபோன ஒரு பெண்மீதும் அவருடன் வந்த உறவினர்மீதும் மோதியது. உறவினர் இறந்தார். பதிவேட்டில் பெயர் இருந்தவர், அந்தக் காரை 2007-லேயே விற்றுவிட்டேன் என்றார். வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றிருந்தார். அவரும் விற்றுவிட்டேன் என்றார். ஒருவர்கூடப் பெயர் மாற்றவில்லை. உயர் நீதிமன்றம் பொறுப்பைப் பின்னால் வாங்கியவர் பக்கம் தள்ளியது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விபத்தில் அடிபட்டவர் விற்பனைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தேடிக்கொண்டு அலைய முடியாது, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றது. 2011-லும் இதே போக்கில் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது. 2018 தீர்ப்பின் வழக்கில், விற்று ஏறக்குறைய இரண்டு வருடம் ஆன கார்; விற்றவருக்கு ஓட்டுநரைத் தெரியாது; கார் எந்த ஊரில் ஓடுகிறது என்றும் தெரியாது. இழப்பீடு மட்டும் அவர் தலையில்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. அந்த வழக்கில் விற்றவர் ஆர்.சி.யைத் தொலைத்தாரா, கொடுத்தாரா என்பது நீதிமன்றத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கார்டு யார் சட்டைப்பையில் இருந்தாலும் பதிவேட்டில் உள்ள பெயர் அசையாது.

இதே கத்தி மறுபக்கமும் வெட்டும். 2020-இல் ஒரு லாரி வழக்கு. உரிமையாளர் லாரியை வேறொருவருக்கு விற்க ஒப்பந்தம் போட்டுப் பணமும் வாங்கியிருந்தார். பெயர் மாறவில்லை, பாலிசியும் அவர் பெயரில்தான். லாரி விபத்துக்குள்ளானதும், நீங்கள்தான் விற்றுவிட்டீர்களே என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. பதிவேட்டில் இருப்பவரே உரிமையாளர், எனவே அவருக்குப் பணம் கொடு என்றது உச்ச நீதிமன்றம். வாங்கியவர் கதைதான் பரிதாபம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு, வண்டி கைமாறும்போது காப்பீடும் கூடவே மாறியதாகக் கொள்ளும். ஆனால் அது மூன்றாம் நபருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டும். காரின் சொந்தச் சேதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாமல் ஓட்டுபவர் சுவரில் இடித்தால், பெயிண்ட் செலவு அவருடையதுதான்.

குற்ற வழக்கு என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். 2022 அக்டோபர் 23 அதிகாலை, கோவை கோட்டைமேட்டில் கோயில் முன் வெடித்த மாருதி 800 பலர் கை மாறி வந்த பழைய கார். அதை விற்றவர், வாங்கியவர் என்று ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்துத்தான் போலீஸ் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்குப் போனது. அந்தச் சங்கிலியில் இருந்தவர்களில் பலர் எப்போதோ காரை விற்று மறந்தவர்கள். விற்றதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது கையில் இருந்தவருக்கும் எதுவும் இல்லாதவருக்கும் அன்றைக்கு இரவு தூக்கம் ஒன்றாக இருந்திருக்காது.

இந்தப் பின்னணியோடு, ஆர்.சி. தொலைந்த வண்டி நம்மூரில் எப்படி விற்கப்படுகிறது என்று பார்க்கலாம். நகலுக்கு அலைய நேரமில்லை, வெளிநாடு கிளம்ப வேண்டும், அல்லது அடகு விவகாரம் வெளியே தெரியக் கூடாது. தரகர் ஒரு யோசனை சொல்வார்: "நீங்க 29, 30 ரெண்டுலயும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க சார். மத்ததை நாங்க பாத்துக்கறோம்." படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு, படிவம் 30 இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய விண்ணப்பம். தேதி இல்லை, வாங்குபவர் பெயர் இல்லை. தரகரின் பையன் பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, அதன்மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோடேப்பை அழுத்தி எடுப்பான். கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும் எண்களைப் படிவத்தின் மூலையில் ஒட்டுவான். கூடவே 26-லும் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆதார் நகல், பான் நகல், இரண்டு போட்டோ. கார் போய்விடும்.

இப்படி வாங்கிய வியாபாரி தன் பெயருக்கு மாற்றமாட்டார். மாற்றினால் கார் 'செகண்ட் ஓனர்' ஆகிவிடும், அடுத்து விற்கும்போது 'தேர்ட் ஓனர்', விலை விழும். எனவே படிவங்கள் காலியாகவே காரோடு பயணம் செய்யும். அமெரிக்காவிலும் இந்த வித்தை உண்டு. டைட்டிலில் பெயர் நிரப்பாமல் கைமாற்றுவதை அங்கே 'டைட்டில் ஜம்பிங்' என்கிறார்கள், சட்டப்படி குற்றம். இங்கே அது வியாபார வழக்கம். காரை விற்றவருக்குச் சில மாதங்களில் கைபேசியில் குறுஞ்செய்தி வரத் தொடங்கும்: ஓசூர் அருகே வேகமாகப் போனதற்கு அபராதம், திருச்சியில் சிக்னல் மீறியதற்கு அபராதம். இ-சலான் வருகிறவரை ஒருவகையில் நல்லது என்பேன். கார் இன்னும் தன் பெயரில் ஓடுகிறது என்ற சேதியாவது தெரிகிறதே.

முறைப்படி செய்தால் எவ்வளவு சிரமம்? கார் தமிழ்நாட்டு எண், கடன் இல்லை, உரிமையாளர் உயிரோடு இருக்கிறார் என்றால் பெரிய சிரமமில்லை. முன்பு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கி, 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற சான்றுக்காகப் பலமுறை நடக்க வேண்டும். இப்போது தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை வீட்டிலிருந்தே பதிவுசெய்து அச்செடுத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. போன்றவற்றுக்கே உரியது அது. பிறகு வாகனப் பதிவுக்கான 'வாகன்' இணையதளத்தில் நகலுக்கான விண்ணப்பம், கட்டணம். இங்கே பலருக்கு முதல் முட்டுக்கட்டை கைபேசி எண். கார் வாங்கிய நாளில் ஷோரூம்காரர் தன் எண்ணையே பதிந்திருப்பார், அல்லது கைவிட்ட பழைய எண் இருக்கும். ஓ.டி.பி. எங்கோ ஒருவருக்குப் போகும். அதை முதலில் திருத்திக்கொள்ள வேண்டும். முகவரியும் அப்படித்தான். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஆர்.சி.யும் ஓட்டுநர் உரிமமும் விரைவு அஞ்சலில்தான் வருகின்றன. பழைய வாடகை வீட்டு முகவரி இருந்தால் நகலும் தொலைந்த மாதிரிதான். கதவு பூட்டியிருக்கிறது என்று அலுவலகத்துக்கே திரும்பும்.

2018 நவம்பரில் திருத்திய விதிப்படி டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்.சி.யைச் சோதனைக்குக் காட்டினால் போதும், அசலுக்குச் சமம். அதனால் கார்டு இல்லாமலேயே வருடக்கணக்கில் வண்டி ஓட்டிவிடலாம். தொலைந்ததே விற்கும் நாளில்தான் தெரியும். தாமதத்துக்கு இது ஒரு புதுக் காரணம்.

கடன் இருந்த கார் என்றால் பாதை வளைகிறது. நகல் கேட்கும் முன் கடன் கொடுத்தவரிடம் ஆட்சேபம் இல்லை என்ற சான்று வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு. அடகில் வைத்துவிட்டுத் தொலைந்தது என்பவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. பதிவேட்டில் ஏறிய கடனுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது, பீரோவில் முடங்கிய கைமாற்றுக்கு அல்ல. அதே பிரிவில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கிறது. விண்ணப்பம் கிடைத்த ஏழு நாளுக்குள் கடன் நிறுவனம் சான்றும் தராமல், மறுப்பதற்கான காரணமும் சொல்லாமல் இருந்தால், சான்று தந்ததாகவே கொள்ளப்படும். நடைமுறையில் இதை நம்பிக் கவுன்டருக்குப் போனால், "பேங்க் லெட்டர் எங்கே?" என்ற கேள்விதான் திரும்பி வரும். இருந்தாலும் விண்ணப்பத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். அதிகாரியிடம் பேச அதுவே ஒரு கைப்பிடி.

கடன் எப்போதோ தீர்ந்து, 'ஹெச்.பி.' மட்டும் பதிவேட்டில் நீக்கப்படாமல் நிற்கும் கார்கள் ஏராளம். வங்கி தந்த படிவம் 35-ஐ அலமாரியில் போட்டு மறந்திருப்பார்கள், ஆர்.சி. தொலைந்த அதே வீட்டு மாற்றத்தில் அதுவும் தொலைந்திருக்கும். இப்போது போய்க் கேட்கலாம் என்றால் வங்கியே இருக்காது. கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. விஜயா வங்கி 2019-இல் பேங்க் ஆஃப் பரோடாவுக்குள் போனது. ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் 2020-இல் யூனியன் வங்கி ஆயின. கணக்குகள் எல்லாம் புதிய வங்கிக்குப் போயிருக்கும். பழைய கடன் எண்ணோ பாஸ்புக்கோ இருந்தால் தேடிப் படிவம் 35 தருவார்கள். இந்த வேலைக்குக் காரை விற்க முடிவெடுத்த பிறகு கிளம்பினால் வாங்க வந்தவர் காத்திருக்கமாட்டார்.

புதுச்சேரி எண்ணோடு தமிழ்நாட்டில் ஓடும் கார்கள் தனி இனம். நகல் வேண்டும் என்றால் கடைசியாகப் பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். எனவே சேலத்தில் இருப்பவர் முதலில் புதுச்சேரியில் நகல் எடுக்க வேண்டும், அப்புறம் படிவம் 28-இல் ஆட்சேபமின்மைச் சான்று (என்.ஓ.சி.) வாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் வாங்குபவர் பெயருக்கு மாற்றும் பேச்சு. வரி மிச்சம் என்று அன்று அங்கே பதிந்ததன் வட்டி இப்போது வசூலாகிறது.

உரிமையாளர் இறந்துவிட்ட கார்களில் ஆர்.சி. தொலைந்திருப்பது இயல்பு. அப்பா எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. இங்கே குடும்பங்கள் செய்யும் பெரிய பிழை, அப்பாவின் பெயரிலேயே நகல் வாங்கி, அவர் கையெழுத்தை மகனே போட்டுக் காரை விற்பது. அது கள்ளக் கையெழுத்து, வேறு பெயரில்லை. இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் வாரிசு மூன்று மாதம்வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். 2021-இல் விதியைத் திருத்தி ஆர்.சி.யில் நியமனதாரர் பெயரைச் சேர்க்க வழி செய்திருக்கிறார்கள். வங்கிக் கணக்குக்கு நாமினி போடும் நம் வீடுகளில் காருக்கு நாமினி போட்டவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இத்தனையும் முடித்து, நகலும் வந்து, படிவங்களில் பெயரும் தேதியும் முழுதாக நிரப்பி விற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பத்திரமாக இருக்கிறாரா? சட்டம் அவர்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது: மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள், வெளி மாநிலம் என்றால் 45 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். விற்றவர் தன் கடமையைச் செய்து படிவம் 29-ஐ அனுப்பிவிட்டார். வாங்கியவர் பேசாமல் இருந்துவிட்டார். பதிவேட்டில் பெயர் மாறாது. நான் மேலே சொன்ன தீர்ப்புகளின்படி பெயர் மாறாதவரை அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் அவரே பொறுப்பு. ஒழுங்காக நடந்துகொண்டவரையும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டவரையும் சட்டம் ஒரே கூண்டில் நிறுத்துகிறது. இதுதான் நம் ஏற்பாட்டின் உண்மையான ஓட்டை என்பது என் கருத்து. விபத்தில் அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. அதை ஈடுகட்டும் ஒரு கதவை விற்பவருக்குத் திறந்துவைக்க நாடாளுமன்றம்தான் மறந்துவிட்டது.

மற்ற நாடுகள் அந்தக் கதவைத் திறந்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் காரை விற்றவர் ஐந்து நாளுக்குள் மாநில வாகனத் துறைக்கு, பொறுப்பிலிருந்து விடுபடும் அறிவிப்பு ஒன்றை இணையத்தில் தன்னந்தனியாகவே தரலாம். வாங்கியவரின் கையெழுத்து தேவையில்லை. பிரிட்டனிலும் விற்றவர் சொன்னால் போதும். பதிவுச் சான்றிதழ் தொலைந்திருந்தாலும் வாங்கியவரின் பெயர், முகவரி, விற்ற தேதி எழுதிக் கடிதம் அனுப்பலாம். புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்து 25 பவுண்டு கட்டுவது வாங்கியவர் பாடு. இந்த ஒன்று இங்கே இருந்திருந்தால், ஆர்.சி. தொலைந்த காரை விற்பவரின் பயத்தில் பாதி குறைந்திருக்கும்.

இந்தியாவில் அதற்குப் பக்கத்தில் வந்தது ஒன்று உண்டு. 2022 டிசம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகள் பழைய வாகன வியாபாரிகளுக்குப் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெறும் முறையைக் கொண்டுவந்தன. அங்கீகாரம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அத்தகைய வியாபாரியிடம் காரை ஒப்படைக்கும்போது படிவம் 29-சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அந்தத் தேதியிலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியால் வரும் எதற்கும் அவரே பொறுப்பு. நகல் ஆர்.சி.க்கும், என்.ஓ.சி.க்கும், பெயர் மாற்றத்துக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். சோதனை ஓட்டம், பழுதுபார்ப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே வண்டியைச் சாலையில் எடுக்கலாம், அதையும் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆர்.சி. தொலைத்துவிட்டு அவசரமாக விற்க நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி இன்று வேறில்லை. ஆனால் தெருமுனை ஷெட்டில் நாலு கார் நிறுத்தி வியாபாரம் செய்பவரிடம் "உங்களிடம் 29-பி அங்கீகாரச் சான்று இருக்கிறதா?" என்று கேட்டால் வேற்றுக்கிரகவாசியைப் போல் பார்ப்பார். தனி ஆளுக்கு நேரடியாக விற்பவருக்கோ இந்த வசதியே கிடையாது.

அப்படி நேரடியாக விற்பவருக்கு இருக்கும் பிடிமானங்கள் சிறியவை. பணம் வங்கி வழியாக வரட்டும். சாவி கொடுத்த தேதியும் மணியும், வாங்கியவரின் முகவரியும் போட்ட டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். இரவு பத்து மணிக்கு நடந்த விபத்து பகல் விற்பனைக்கு முன்பா பின்பா என்ற கேள்வி வரக்கூடும். காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல். படிவம் 30-ஐ அன்றைக்கே இருவரும் சேர்ந்து வாகன் தளத்தில் ஏற்றுவது எல்லாவற்றையும்விட நல்லது. கொஞ்சம் பணத்தைப் பெயர் மாறும்வரை பிணையாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாங்குபவர் சொன்னால் மறுக்காதீர்கள், அது அவரையும் அலுவலகம் பக்கம் நடக்க வைக்கும். பிறகு எம்பரிவாகன் செயலியில் அவ்வப்போது வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். அந்தரங்கம் கருதி உரிமையாளர் பெயரில் நடுநடுவே நட்சத்திரக் குறிகளாகத்தான் காட்டும். இருந்தாலும் மிஞ்சியிருக்கும் எழுத்துகள் இன்னும் உங்களுடையவையா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம்.